ஓரமாக வெட்டிய தளம்

அஜ்மான்
12 அக்டோபர் 2003

அன்புள்ள ஹாலிதா லாத்தாவுக்கு ஸலாம்.

இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது கடைசியில் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துபாய் தேராவில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். பக்கத்து மனையில் மூன்று தளம் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி டவர் கட்டப்போகிறார்கள். தோண்டினால் இந்தக் கட்டடத்தின் பேஸ்மென்ட் சுவர் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. என் மேலதிகாரி மஹ்மூது, எகிப்துக்காரர், டார்ச்சோடு முன்னால் போனார். பின்னால் நான் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். கீழே முழுக்கச் சாக்கில் இறுக்கிக் கட்டிய போர்வைப் பேல்கள். சுவரை ஒட்டி, மேலே கடையின் தரையில் ஆறடி நீளத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகத்தான் கயிறு கட்டிப் பேல்களை இறக்குகிறார்கள். ஓட்டையின் விளிம்பில் பூசிய சிமென்ட் காய்வதற்குள் யாரோ குச்சியால் எழுதியிருக்கிறார்கள்.

மஹ்மூது டார்ச்சை அங்கே பிடித்தார். "இது உன் மொழிதானே? என்ன எழுதியிருக்கு?"

"அழிஞ்சு போயிருக்கு சார். படிக்க முடியல."

அழியவில்லை. 'மெல்ல இறக்கு' என்று தெளிவாக இருந்தது.

கடை காதர் மைதீன் முதலாளியுடையது. மஸ்கட்டில் ரூவி கிளைக்கு வரும் முன் மச்சான் வேலை பார்த்த அதே கடை. நான் யாருடைய கொழுந்தியா என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஓட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, "அது பலதியா பர்மிஷனோட கட்டடக்காரங்க வெட்டினது" என்றார். பலதியா நகராட்சி ஆபீசில் அப்படி ஒரு காகிதமும் இல்லை. மச்சானுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். இதையெல்லாம் வெள்ளிக்கிழமை ஃபோனில் பேச முடியாது. உங்கள் மாமியார் பக்கத்தில் இருப்பார்கள், அட்டையும் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வாந்தி நின்றதா? ஐந்தாம் மாதத்தில் நின்றுவிடும் என்று இங்கே வீட்டில் சாச்சி சொன்னார்கள். நான் சுகம்.

உங்கள்
நஜீஹா

*

ரூவி
27 அக்டோபர் 2003

என் தங்கச்சி நஜீஹாவுக்கு, நோன்பு பிறந்த நல்ல நாளில் எழுதுகிறேன்.

வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான். நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் பட்டினி கிடக்கும் வீட்டில் நான் மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். திருடி மாதிரி இருக்கிறது. பெரியவன் கண்டுபிடித்துவிட்டு, "உம்மா, எனக்கும் வயித்துல பாப்பா இருக்கு" என்கிறான்.

இந்த வருடம் கஞ்சிக்கு ஊர் அரிசி கிடைத்தது. ரூவி பஸ் நிலையத்துக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் கடை போட்டிருக்கிறார். சாச்சிக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன்.

நீ கேட்டதை மச்சானிடம் சொன்னேன். தேராவில் எத்தனையோ கட்டடம், எத்தனையோ ஓட்டை, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது யாருக்கு ஞாபகம் என்றார்கள். கடையில் வேலை அதிகம்.

பஸ்ஸில் தலையைச் சன்னலில் சாய்த்துத் தூங்காதே. தலைவலி வரும்.

துஆவுடன்
ஹாலிதா

*

அஜ்மான்
8 நவம்பர் 2003

அன்பு லாத்தா, இங்கே எல்லோரும் சுகம். அரிசி வந்தது. சாச்சி அதை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

எப்போதும் உறையின் மேல் முகவரி எழுதுவது மச்சான். இந்தத் தடவை உங்கள் கையெழுத்து இருந்தது. கடையில் அவ்வளவு வேலை போலிருக்கிறது.

அந்தச் சுவரைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். பேஸ்மென்ட் சுவர் தன் பலத்தில் மட்டும் நிற்பதில்லை. வெளிப்பக்கம் மண்ணும் உப்புத் தண்ணீரும் இராப்பகலாக அதை உள்ளே தள்ளுகின்றன. அடியில் கீழ்த்தளமும் தலையில் மேல்தளமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பெரிய பேலை ஒருவன் நெஞ்சோடு அணைத்து ஒரு கையை அடியிலும் ஒரு கையை மேலேயும் கொடுத்துத் தூக்குவானே, அப்படி. மேலே இருக்கும் கையை எடுத்துவிட்டால்? தளத்தின் நடுவில் ஓட்டை போட்டால்தான் ஆபத்து, ஓரத்தில் போட்டால் ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தோன்றும். உண்மை தலைகீழ். சுவரைப் பிடித்திருக்கும் கை அந்த ஓரம்தான்.

ஓட்டை ஆறடிதான். ஆனால் பேல் சந்துகளில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரில் படுக்கை வாட்டில் ஒரு வெடிப்பு ஓட்டையைத் தாண்டிப் பின்பக்கம் இருபதடி போகிறது. அங்கே மேலே முதலாளியின் அறை. கீழே விட்டம்வரை சரக்கு. சரக்கை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்றோம். "பெருநாள் சீசன்ல சரக்கை எங்க கொண்டு வைக்க? என் தலையிலயா?" என்கிறார் முதலாளி. மஹ்மூது என்னிடம், "பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுது" என்றார். எழுதினேன். ஆனால் அப்படி எழுதிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டும் பக்கத்து மனைக்காரர்கள் தோண்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த பேஸ்மென்ட்டில் தினமும் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்பக்கத்திலும் தளத்தை யாராவது வெட்டியிருக்கிறார்களா? அது வெட்டியவருக்குத்தான் தெரியும்.

மச்சானிடம் இதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. உங்கள் இஷ்டம்.

நஜீஹா

*

ரூவி
3 டிசம்பர் 2003

நஜீஹாவுக்கு,

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. எல்லோரும் நலம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உனக்கே தெரியும்.

அந்த சிமென்ட்டில் இருப்பது யாருடைய எழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்கிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான். முறுக்கு டப்பாவை யார் தொட்டது என்று உம்மா கேட்டால் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாய்.

உன் மச்சான் கடிதத்தைப் படித்தார்கள். நான் காட்டவில்லை, மேசைமேல் இருந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் எதுவும் சொல்வதில்லை.

நாங்கள் தின்பது காதர் மைதீன் முதலாளியின் சோறு. ரூவிக் கடை அவருடையது, நாங்கள் இருக்கும் ஃபிளாட் அவருடையது, எங்கள் விசாவும் அவர் கையில். பலதியா பர்மிஷன் கிடைத்தது என்று அவரிடம் சொன்னது யார் என்று இப்போது தெரிந்தால் அவர் என்ன செய்வார்? மார்ச்சில் எனக்குப் பிரசவம். ஊரார் சுவரைப் பார்க்க உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் வீட்டுச் சுவரைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

விட்டுவிடு நஜீஹா.

ஹாலிதா

*

அஜ்மான்
9 டிசம்பர் 2003

லாத்தா, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தவறாமல் எழுதுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் என்மேல் கோபப்படலாம்.

சுற்றி வளைத்துக் கேட்டது உண்மை. நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. நான் படிக்கும் நாவல்களில் ஒருவருக்கொருவர் சொல்லாமலே முந்நூறு பக்கம் போய்விடும். படிக்கும்போது அது அழகாகத்தான் இருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எங்களோடு வரும் வேலுச்சாமி அறந்தாங்கிக்காரர். சுத்தியலால் சுவரைத் தட்டி, சத்தத்தை வைத்து எங்கே கான்கிரீட் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். "இந்த எடம் பசிச்ச வயிறு மாதிரி சத்தம் போடுது மேடம்" என்று சாக்கட்டியால் கோடு போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு அந்த எழுத்தை நானும் படிச்சேன் மேடம். நீங்க படிக்க முடியலன்னதும் எனக்கும் படிப்பு மறந்துபோச்சு."

அவர் சிரித்தார். என் பொய்யை அவரும் இரண்டு மாதமாகச் சுமந்திருக்கிறார்.

அன்று மாலையே மஹ்மூதிடம் போய், அது அழியவில்லை, என்னால் படிக்க முடிந்தது, எழுதியவரும் எனக்குத் தெரிந்தவர் என்றேன். பெயரைச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தமிழ் தெரியாது. ஆனா உன் முகம் தெரியும்" என்றார். "தண்டிக்க இல்லை. எங்கே வெட்டினான், எத்தனை கம்பி வெட்டினான், இந்த ரெண்டு கேள்விதான். அதுக்கு அவன் ஒருத்தன்தான் டிராயிங்."

ரிப்போர்ட் இருபத்தெட்டாம் தேதி போக வேண்டும். பெயரை நான் எழுத மாட்டேன். பெருநாள் முடிந்தும் முதலாளி சரக்கை நகர்த்தவில்லை, அந்த இருபதடியைப் பற்றி எழுதவும் என்னிடம் ஒன்றும் இல்லை. தோண்டத் தொடங்கும் அன்று கீழே பதினோரு பேர் இருப்பார்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

நஜீஹா

*

ரூவி
18 டிசம்பர் 2003

நஜீஹாவுக்கு சாதிக் பாட்ஷா ஸலாமுடன் எழுதுவது.

உன் லாத்தாவும் பிள்ளைகளும் சுகம். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உறைதான் எழுதிப் பழக்கம்.

கேட்டதற்குப் பதில். 1991. முதலாளி மகள் கல்யாணத்துக்காக நாலு மாதம் ஊருக்குப் போயிருந்தார். கடை என் பொறுப்பில். படி குறுகல், பேல் ஒன்று நூறு கிலோ. பீகார்க்காரப் பையன் ஒருவன் பேலோடு உருண்டு இடுப்பெலும்பு உடைந்துபோனான். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த வாரமே மூன்று மேஸ்திரிகளைப் பிடித்தேன். அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நாலு வெள்ளிக்கிழமையில் வெட்டினோம்.

ஓரத்தில் வெட்டச் சொன்னது நான்தான். துணிக்கடைக்காரன் புத்தி அது. நடுவில் வெட்டினால் துணி பாழ், கரையோரம் வெட்டினால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். கான்கிரீட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். உன் கடிதம் படித்த அன்றுதான் தெரிந்தது.

முன்பக்க ஓட்டை நீ பார்த்தது. பின்பக்கம் பத்தடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் இன்னொன்று இருக்கிறது. அதில் பதினாலு கம்பி வெட்டினோம். வெட்டிய ஒரு வாரத்தில் கீழே சுவரில் தண்ணீர் கசிந்தது. பயந்துபோய்க் கனமான பலகை போட்டு, மேலே பிளைவுட், அதன் மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டேன். கசிவும் தானாக நின்றது. முதலாளி திரும்பி வந்தார். முன்பக்க ஓட்டையைப் பார்த்து, "யாருடா பர்மிஷன் வாங்கினா?" என்றார். "கட்டடக்காரங்க வாங்கினாங்க" என்றேன். பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லவேயில்லை. மறுநாள், "இங்கதான் ஏசி நல்லா வருது" என்று தன் மேசையைக் கொண்டுவந்து அந்த டைல்ஸ் மேலேயே போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அதன் பிறகு எப்படிச் சொல்வது?

படம் போட்டு வைத்திருக்கிறேன். அளவு எல்லாம் சரியாக இருக்கும், துணி அளக்கிற கை. 23ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன். முதலாளியிடம் நானே சொல்கிறேன். எனக்கு முன்னால் நீ ஏதும் சொல்லிவிடாதே.

உன் லாத்தாவிடம் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறேன். அவள் படித்தாள். என் பையில் ஸ்வெட்டர் வைத்திருக்கிறாள்.

சாதிக் பாட்ஷா

*

அஜ்மான்
26 டிசம்பர் 2003

அன்பு லாத்தா, மச்சான் பத்திரமாகத் திரும்பி வந்திருப்பார்கள். பஸ்ஸில் சாப்பிட சாச்சி கட்டிக்கொடுத்த பராத்தாவைப் பாதிதான் தின்றிருப்பார்கள், மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடந்ததை அவர்கள் இரண்டு வரியில் சொல்லி முடித்திருப்பார்கள். நான் முழுதாக எழுதுகிறேன்.

காலை பத்து மணி. முதலாளி மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மச்சான் உள்ளே போனார். பின்னால் மஹ்மூது, நான், கடப்பாரையோடு வேலுச்சாமி.

"என்னடா சாதிக்கு, சொல்லாமக் கொள்ளாம? ரூவியில கடை இருக்கா, வித்துட்டியா?"

"இருக்கு முதலாளி. மேசையைக் கொஞ்சம் நகத்தணும்."

"மேசை நகத்தவா மஸ்கட்லேர்ந்து வந்தே?"

"அதுக்கு அடியில ஓட்டை இருக்கு முதலாளி."

"எந்த ஓட்டை?"

"நான் வெட்டினது. முன்னாடி இருக்கறதும் நான் வெட்டினதுதான். பர்மிஷன் யாரும் வாங்கல. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

முதலாளி தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடியே எழுந்து, நாற்காலியிலிருந்து இரண்டடி பின்னால் போய் நின்றார். மேசையை நகர்த்தினார்கள். வேலுச்சாமி டைல்ஸைப் பெயர்த்தார், பிளைவுட்டைக் கிளப்பினார். பலகைகளின் இடுக்கு வழியாக, கீழே பேல்களுக்கு நடுவே பேஸ்மென்ட் விளக்கு தெரிந்தது. கீழிருந்து யாரோ, "அரே பாய், கோன் ஹை?" என்று இந்தியில் யாரெனக் கேட்டுக் கத்தினார்கள்.

"அடப்பாவி! பன்னெண்டு வருசமா என்னைப் பலகை மேலயாடா உக்கார வெச்சே?"

"நல்ல பலகை முதலாளி. பர்மாத் தேக்கு."

வேலுச்சாமி அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். முதலாளி அவரை முறைத்தார். "என்ன சிரிப்பு உனக்கு? ஹஜ்ஜு செஞ்ச மனுசன் நான். விழுந்திருந்தா நேரா போர்வைப் பேல் மேல போயிருப்பேன்."

"மெத்துன்னுதான் இருந்திருக்கும் மொதலாளி."

என்ன பேசுகிறார்கள் என்று மஹ்மூது கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அப்புறம் சிரிப்பெல்லாம் போய்விட்டது. மஹ்மூது பலகைகளை எடுக்கச் சொல்லி, முட்டி போட்டு, தளத்தின் வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சுவரின் தலையைப் பார்த்தார். சுவர் அங்கே தளத்தைவிட்டு ஒரு விரல் உள்ளே வந்திருந்தது. மச்சானிடம், "பதினாலா?" என்று கேட்டார். "பதினாலு" என்றார் மச்சான். நாங்கள் எண்ணினோம். பதினாலு இருந்தது.

மச்சான் வந்து சொல்லியிருக்காவிட்டால், ஜனவரியில் பக்கத்தில் தோண்டும்போது அந்தச் சுவர் உள்ளே விழுந்துவிடும் என்று மஹ்மூது முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மச்சானிடம், "நீ போ. அப்புறம் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். அது எந்த அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சேர்த்து எழுதலாம் என்று பார்த்தேன், எழுதவில்லை.

அன்று பிற்பகலே பதினோரு பேரும் மேலே வந்துவிட்டார்கள். சுவருக்குக் குறுக்கே இரும்புத் தூலங்கள் முட்டுக் கொடுத்தாகிவிட்டது. இனி இரண்டு வெட்டிலும் புதிய கம்பி நட்டு கான்கிரீட் போடுவார்கள். அது முடியும்வரை பக்கத்து மனையில் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நடக்கும்போது காலைப் பார்த்து வையுங்கள்.

நஜீஹா

*

ரூவி
20 மார்ச் 2004

என் தங்கச்சிக்கு,

அல்ஹம்துலில்லாஹ், ஏழாம் தேதி பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு. இருவரும் சுகம். பெயர் ஃபஸ்னா. அழுதால் பக்கத்து ஃபிளாட்டில் உள்ள குஜராத்திக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

நீ கேட்கத் தயங்குவதை நானே சொல்கிறேன். முதலாளி இரண்டரை மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, போன வாரம் ஃபோன் செய்தார். மச்சானுக்கு இனி ரூவிக் கடைப் பொறுப்பு இல்லை. அல் ஐன் கிளையில் சேல்ஸ்மேன். அங்கே மேனேஜர் மச்சானிடம் வேலை பழகிய பையன். "உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீயா வந்து சொன்னதால விட்டேன். ஆனா இனி எந்தக் கடைச் சாவியும் உன் கையில கிடையாது" என்றாராம்.

அழுதேன். உன்மேலும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். மச்சான் என்னவோ அன்று சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் உப்பு இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்கள்.

முழுக்கோபமும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பிள்ளையை நீ வந்து தூக்கினால் மீதியும் போகலாம்.

ஹாலிதா

*

அஜ்மான்
13 மே 2004

அன்பு லாத்தாவுக்கும் ஃபஸ்னா குட்டிக்கும் ஸலாம்.

ஏப்ரல் மூன்றாம் தேதி பக்கத்து மனையில் தோண்டத் தொடங்கினார்கள். சுவரில் ஆறு இடத்தில் பித்தளைப் புள்ளிகள் பதித்து வாரம் ஒருமுறை அளக்கிறேன். முதல் மூன்று வாரத்தில் சுவர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. இன்று பள்ளம் முழு ஆழத்துக்குப் போய்விட்டது, அளவு மாறவில்லை. பதினோரு பேரும் கீழே வேலைக்குத் திரும்பியாகிவிட்டது. இப்போது பேல்கள் முறையான ஒரு லிஃப்டில் இறங்குகின்றன.

மச்சானுக்கு நடந்தது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்று அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, லாத்தா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் உங்களிடம் சொல்லாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

அல் ஐன் விசா எப்போது வருகிறது?

நஜீஹா

*

விசா ஜூன் கடைசியில் வந்தது. ஜூலை எட்டாம் தேதி அவர்கள் அல் ஐனுக்குக் குடிவந்தார்கள். அஜ்மானிலிருந்து இரண்டு பஸ் மாறினால் மூன்று மணி நேரம். வாராவாரம் வியாழக்கிழமை போய், ஃபஸ்னாவைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதவில்லை.